பத்து பத்து முதல் பத்து ஐம்பது வரை

ஓஸ்மார் புது மடிக்கணினி வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. சூடு தாங்கவில்லை, வந்து பாருங்கள் என்று நான்கு முறை கூப்பிட்டான். ஐந்தாவது முறை மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எர்னாந்தாரியாஸ் ஊரில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்குப் போனேன்.

நில்சா இறந்த பிறகு ஒன்பது நாள் ஜெபத்துக்கு மட்டும்தான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். நான்கு மாதம் ஆகிறது. நில்சா என் மனைவி. ஓஸ்மார் அவள் தம்பி.

பழைய வீடு. உயரம் குறைந்த தகரக் கூரை, செங்கல் தரை. ஜனவரி வெயில் அந்த நேரத்துக்கே தெருவின் செம்மண்ணைச் சுட ஆரம்பித்திருந்தது. அத்தை சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. மெலிஞ்சு போயிட்டீங்க."

"அப்படியெல்லாம் இல்ல அத்தை."

"அந்த ஆள் சாப்பிட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

அந்த ஆள் என்பது பெற்ற மகன். இரண்டடி தள்ளி கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான்.

"மச்சான், அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. பசிக்கல."

"ராத்திரியெல்லாம் யாரையோ டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டே இருந்தா பசிக்குமேன்னு கேளுங்க மாப்பிள்ளை."

"கேம்லதான் சுடறேன்னு சொல்லுங்க மச்சான். நிஜத்துல யாரையும் கொல்லல."

அத்தையின் கத்தி நின்றது.

"நிஜத்துல என்ன பண்ணினார்னு ஊருக்கே தெரியும்" என்றார். பிறகு உரிக்க ஆரம்பித்தார்.

ஓஸ்மார் என்னைப் பார்க்கவில்லை. பின்பக்க அறைக்கு நடந்தான். நானும் பின்னால் போனேன்.

நான், நில்சா, ஓஸ்மார் மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். அணைக்குப் போகும் சாலையில் பெரிய தகரக் கொட்டகை. உள்ளே நாலாயிரம் இயந்திரங்கள் இரவும் பகலும் பிட்காயினுக்காகக் கணக்குப் போடும். ஒரு பக்கம் காற்றை இழுத்து மறுபக்கம் சூடாகத் துப்பும். துப்பும் பக்கத்தில் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு நீண்ட சந்து. சூட்டுச் சந்து என்போம். அங்கே அறுபது டிகிரி. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. கைபேசி கொண்டுபோகக் கூடாது, கெட்டுவிடும். கதவின் உள்பக்கக் கைப்பிடி போன வருடமே உடைந்துவிட்டது. பெரிய விசிறிகளின் இழுப்பில் கதவு தானாக மூடிக்கொள்ளும். அதனால் யார் உள்ளே போனாலும், வெளியே இருப்பவர் கதவிடுக்கில் கனமாக ஏதாவது வைப்பார். கைக்குக் கிடைப்பது எப்போதும் பிளாஸ்க்தான்.

எங்கள் பக்கம் பிளாஸ்க் இல்லாமல் யாரும் வேலைக்கு வருவதில்லை. மூன்று லிட்டர் ஐஸ் தண்ணீர், மேலே தோல் உறை. எங்களுடையதில் என் பெயரும் நில்சா பெயரும் பொறித்திருந்தன. பத்து மணிக்குக் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மாமரத்தடிக்குப் போவோம். கொம்புக் குவளையில் தேயிலை போன்ற மாத்தே இலை, மேலே ஐஸ் தண்ணீர். அதுதான் தெரெரே. எத்தனை பேர் இருந்தாலும் ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல். சுற்றிச் சுற்றி வரும்.

அன்று காலை நில்சா சந்துக்குள் போனாள். ஓஸ்மார் கதவிடுக்கில் பிளாஸ்க்கை வைத்துவிட்டு வேறு வரிசைக்குப் போனான். வைத்ததாகச் சொன்னான். ஆனால் பத்து பத்துக்கு அந்தப் பிளாஸ்க் மாமரத்தடியில் இருந்தது. ஏழு பேர் அதிலிருந்து குடித்தோம். ஆகவே ஓஸ்மார் வைக்கவில்லை என்று முடிவாயிற்று.

அதை மாமரத்தடிக்குக் கொண்டுவந்தது நான். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டார்கள். மேஜை மேலிருந்து என்றேன்.

மேஜை மேலிருந்து அல்ல.

பத்து ஐம்பதுக்குத்தான் யாரோ கதவைத் திறந்தார்கள்.

வரும் திங்கட்கிழமை ஓஸ்மார் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தன் கவனக்குறைவால்தான் அக்கா செத்தாள் என்று. இரண்டு வருடம் உள்ளே இருக்க வேண்டிவரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறந்தால் அவன் போக வேண்டியதில்லை. நான்கு மாதமாகத் திறக்கவில்லை.

பின்பக்க அறையில் ஒரே ஒரு ஜன்னல். வெயிலுக்குப் பயந்து மரப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். மேஜை மேல் மடிக்கணினி. விசைகளுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு.

"கடைக்காரன் என்ன சொல்றான்?"

"அங்க கொண்டு போனா சாதுவா இருக்கு மச்சான். மாப்பிள்ளை வீட்டார் முன்னாடி பொண்ணு உக்காந்திருக்கற மாதிரி. வீட்டுக்கு வந்தா ஆடுது."

"மெத்தையில வச்சு விளையாடறியா? அடியில காத்துப் போகாது."

"மேஜையிலதான். அடியில ரெண்டு புத்தகம் வேற முட்டுக் கொடுத்திருக்கேன். நான் படிச்ச காலேஜ் புத்தகம். முதல் தடவையா உபயோகப்பட்டிருக்கு."

சிரித்தான். நானும் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காற்றுத் துளைகளில் தூசி இல்லை. கணினியின் மின் செலவு அமைப்பை நடுநிலைக்குக் கொண்டுவந்தேன். கிராபிக்ஸ் டிரைவரை நீக்கிப் புதிதாகப் போட்டேன். காரணமே இல்லாமல் ஒரு கணினியில் சிப் முழு வேகத்தில் உழைத்துச் சூடேறுகிறது என்றால் எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு முதலில் வரும் சந்தேகம் ஒன்றுதான். யாரோ திருட்டுத்தனமாக பிட்காயின் தோண்டும் நிரலை உள்ளே ஒளித்திருப்பான். ஓடுகிற நிரல்களை எல்லாம் பட்டியல் போட்டுத் தேடினேன். எதுவும் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு வெப்பம் நாற்பத்தாறு டிகிரி. விளையாட்டைத் திறந்தேன். எழுபது. சிக்கலே இல்லை. காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"நல்லாத்தானே இருக்கு."

"பத்து மணி ஆகட்டும் மச்சான். அப்புறம் பாருங்க. தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பதுன்னு ஏறும். வேகம் செத்துப்போயிரும். என் ஆளு காலைத் தூக்கினா வைக்க அரை நிமிஷம் ஆகும். அதுக்குள்ள எதிரி வந்து சாவடிச்சிட்டுப் போயிருவான்."

"தினமும் பத்து மணிக்கா?"

"பத்து வாக்குல. வாங்கின அன்னிலேருந்து வெப்பத்தைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன், பாருங்க."

பதிவைத் திறந்தேன். இருபத்தொரு நாள். ஒவ்வொரு நாளும் சமதரை போல ஒரு கோடு, நடுவில் ஒரு மேடு. எல்லா மேடும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே இடத்தில் நின்றன. பெரிதாக்கினேன்.

ஏற்றம் பத்து பத்து.

இறக்கம் பத்து ஐம்பது.

இன்னொரு நாளைப் பார்த்தேன். அதேதான்.

"இதுல சில நாள் மூடி வச்சிருந்தேன்" என்றான் ஓஸ்மார். "கரன்ட்ல கூடப் போடல. அப்பவும் ஏறியிருக்கு."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அந்த எண்களை வேறு எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்று அவன் கடிகாரம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"நான் வச்சேன் மச்சான்" என்றான் திடீரென்று. பேச்சு எப்படியும் அங்கேதான் வந்து நிற்கும். "குனிஞ்சு வச்ச ஞாபகம் இருக்கு. தோல் உறை ஈரமா இருந்துச்சு. கையைச் சட்டையில துடைச்சேன். ஆனா ஏழு பேர் இல்லங்கறாங்க. அப்ப நான் வைக்கலதான் போல. மனசே கட்டிச் சொல்லுது போல."

நான் திருப்புளியைத் தேடினேன்.

"சரி, ஐஸ் வாங்கிட்டு வரேன். தெரெரேக்கும் ஆச்சு, இதுக்கு அடியில வைக்கவும் ஆச்சு."

"அடியில வைக்காத. உள்ள ஈரம் கோத்துக்கும்."

"உங்க இஷ்டம், டாக்டர்."

போனான். கதவைத் திறந்தபடியே விட்டுப் போனான். முன்முற்றத்தில் அவன் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

கணினியை அணைத்தேன். கவிழ்த்து வைத்துப் பத்துத் திருகாணிகளைக் கழற்றினேன். அடித்தகடு சுலபமாக வந்தது. புதுச் சாமானின் வாசனை. இரண்டு விசிறிகள், செப்புக் குழாய்கள், சிப் மேல் பூசிய பசை, எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தன. பேட்டரியின் கம்பியைப் பிடுங்கினேன். இனி அதற்குள் மின்சாரம் இல்லை.

கைக்கடிகாரம் பத்து ஒன்பது.

காத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

இடதுபக்க விசிறி அசைந்தது.

காற்றுப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அறையில் காற்று இல்லை.

ஒரு சுற்று. நின்றது. இன்னொரு சுற்று. பிறகு நிற்கவில்லை. வலதுபக்க விசிறியும் சேர்ந்துகொண்டது. பிடுங்கிய கம்பி என் விரல்களுக்கிடையில் இருந்தது.

கருவிப் பையில் எப்போதும் ஒரு வெப்பமானி வைத்திருப்பேன். தூரத்திலிருந்து காட்டினாலே எண் தெரியும். சிப்பின் மேல் பிடித்தேன். ஐம்பத்தெட்டு. எழுபத்தொன்று. எண்பத்தேழு. வெப்பமானியைச் சுவருக்குத் திருப்பினேன்.

சுவர் நாற்பத்திரண்டு.

கதவு மூடிக்கொண்டது. அறைந்து மூடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து காற்று மெதுவாக இழுத்துக்கொண்டது போல. அந்த இழுப்பு எனக்குத் தெரியும். ஆறு வருடம் பார்த்த இழுப்பு.

எழுந்து போய்க் கதவை இழுத்தேன். வரவில்லை. காலைச் சுவரில் முட்டுக் கொடுத்து இழுத்தேன். மரம் ஒரு நூல் கூட அசையவில்லை.

"ஓஸ்மார்!"

விசிறிகள் இன்னும் ஏறின. உள்ளங்கையளவு விசிறி இரண்டு. ஆனால் சத்தம் அவற்றின் சத்தம் இல்லை. கொட்டகையின் சத்தம். நாலாயிரம் இயந்திரங்கள் சேர்ந்து ஊளையிடும் சத்தம். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"அத்தை!"

உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

சுவர் நாற்பத்தேழு.

ஜன்னல் பலகையைக் குத்தினேன். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினேன். திருப்புளியின் கைப்பிடி சுட்டது. கீழே போட்டேன். கணினியிலிருந்து வந்த காற்று முழங்காலில் பட்டது. கருகிய தூசி, சுட்ட பிளாஸ்டிக். அதற்குள் இன்னொரு வாசனை.

புதினா.

நில்சா தெரெரேக்குப் புதினாவைக் கையாலேயே கசக்கிப் போடுவாள். நாள் முழுக்க அவள் விரல்களில் அது இருக்கும்.

சுவர் ஐம்பத்திரண்டு. சட்டையைக் கழற்றினேன். மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. தரையில் படுத்து, கதவுக்கடியில் இருந்த இடைவெளியில் வாயை வைத்தேன். வெளியே குளிர்ச்சி இருந்தது. ஒரு மயிரிழை அளவுக்கு வந்தது.

வெளிச்சமும் வந்தது. அதன் நடுவில் இரண்டு நிழல்கள்.

கால்கள்.

யாரோ கதவை ஒட்டி நின்றிருந்தார்கள்.

"ஓஸ்மார், திறடா."

கால்கள் அசையவில்லை.

"திற. செத்துருவேன்."

அசையவில்லை.

அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பதிவைக் காட்டியது, ஐஸ் வாங்கப் போனது எல்லாமே இதற்காகத்தான். வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நானாக இருந்தாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

அந்த இடுக்கில் வாயை வைத்துச் சொன்னேன்.

"பிளாஸ்க்கை எடுத்தது நான்."

விசிறியின் சத்தம் ஒரு படி இறங்கியது.

"மேஜை மேல இல்ல. நீ வச்ச இடத்துலதான் இருந்துச்சு. கதவிடுக்குல. குடிக்கறதுக்காக எடுத்தேன். கதவு மூடினதைக் கூடப் பாத்தேன்."

இன்னும் இறங்கியது. என் குரல் எனக்குக் கேட்டது.

"பயந்துட்டேன். அதான் சொல்லல. அவ வெளிய வந்துட்டான்னு நெனச்சேன். உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியாது."

விசிறிகள் வீறிட்டன.

சத்தம் முன்னைவிட மேலே போயிற்று. வெப்பமானியைப் பார்க்கத் தலையைத் தூக்க முடியவில்லை. கண்ணுக்குள் வெள்ளையாக இருந்தது. கால்களின் நிழல் மட்டும் தெரிந்தது. அவை அவசரப்படவில்லை. இடம் மாறவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் கத்துவதை விட்டுவிட்டேன். கத்துவதை எப்போது விடுவோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு எல்லாம் நின்றது.

கதவு ஒரு சாண் திறந்தது. அதுவாகவே.

கடிகாரம் பத்து ஐம்பது.

தவழ்ந்து வெளியே வந்தேன். நடையில் ஆள் இல்லை. முற்றத்தில் அத்தை கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார், எனக்கு முதுகு காட்டி. ஐந்து நிமிடம் கழித்துத்தான் மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டது.

"மூணு கடை ஏறி இறங்கினேன் மச்சான், கடைசியிலதான் ஐஸ் கிடைச்சுது..." ஓஸ்மார் பையைக் கீழே வைத்தான். "என்ன இது? குளிச்ச மாதிரி இருக்கீங்க. கதவைத் திறந்து வச்சிருக்கலாம்ல?"

"மூடிக்கிச்சு. திறக்க வரல."

"இந்தக் கதவா? இதுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அப்பா இருக்கும்போதே கழண்டு விழுந்துருச்சு." ஒரு விரலால் தள்ளிக் காட்டினான். கதவு போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தான்.

"பேட்டரியைப் பிடுங்கிட்டீங்களா? நல்லது. அப்ப இன்னிக்கு ஓடியிருக்காது." என்னைத் திரும்பிப் பார்த்தான். குரல் தாழ்ந்தது. "ஓடிச்சா?"

அந்த நிழலிடம் சொன்னதை அவனிடம் சொன்னேன். இரண்டாவது முறை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

அவன் செங்கல் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐஸ் பையிலிருந்து தண்ணீர் கசிந்து அவன் காலடிக்கு வந்தது.

"அப்ப நான் வச்சேன்."

"வச்ச."

"ஈரமா இருந்துச்சு. கையைச் சட்டையில துடைச்சேன்."

"ஆமா."

"நாலு மாசம் மச்சான்." சிரிப்பது போல இருந்தது, சிரிக்கவில்லை. "நாலு மாசமா மனசுக்குள்ள அந்தக் கதவுகிட்டப் போய்க் குனிஞ்சு குனிஞ்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குப் பைத்தியம்தான்னு நெனச்சேன். நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. ஜெபத்துல என் தோள்ல கை போட்டுக்கிட்டு."

நான் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க" என்றான். "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

அத்தை கேட்டுக்கொண்டே துணியை உதறிக் கொடியில் போட்டார். எல்லாத் துணியும் முடியும் வரை திரும்பவில்லை. பிறகு என்னைத் தாண்டி மகனைப் பார்த்தார்.

"ஓஸ்மார், கிழங்கு வெந்திருச்சு. வந்து சாப்பிடு." குரல் உடைந்தது. "அவர்கிட்ட சொல்லிரு. போகும்போது வாசல் கதவைச் சாத்திட்டுப் போகச் சொல்லு."

திங்கட்கிழமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நான் போனேன். ஓஸ்மார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். என்னோடு வருவதாக அவன் சொல்லவில்லை. வந்தான்.

சின்ன அறை. குளிர்சாதனம் ஓடியது. வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவைத்து, என் முகத்தைப் பார்த்தபடியே விசைகளைத் தட்டினார். அறையில் நாங்கள் இருவர்தான். முதலிலிருந்து சொன்னேன். சந்து, கதவு, பிளாஸ்க், மேஜை என்று நான் சொன்ன பொய். நில்சா வெளியே வந்துவிட்டாள் என்று நினைத்ததாகவும் சொன்னேன். சில இடங்களில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

மூன்று பக்கம் அச்சாகி வந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

முதல் பக்கம் சரியாக இருந்தது. இரண்டாவதும். மூன்றாவது பக்கத்தின் நடுவில் இது இருந்தது:

'பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குச் சந்துப் பக்கமிருந்து தட்டும் சத்தம் கேட்டது. விசிறியின் தகடு தளர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தகடு அப்படித் தட்டாது என்று எனக்குத் தெரியும். எழுந்து போகவில்லை. குவளை அடுத்து என்னிடம் வர வேண்டியிருந்தது.'

நான் அதைச் சொல்லவில்லை. ஓஸ்மாரிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லவில்லை. இவ்வளவு எழுதிய பிறகும் உங்களிடம் சொல்லவில்லை.

அந்த ஐந்து வரிகளில் பொய் ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போட்டேன். தாள்களை நீட்டும்போது கேட்டேன்.

"மேடம், இந்த இடம். இதை நான் சொல்லலையே?"

கண்ணாடியை இறக்கிப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"சொல்லாததை நான் ஏன் சார் அடிக்கப் போறேன்? தண்ணி குடிக்க நிறுத்தினீங்களே, அப்பத்தான். குரல் கம்மிப்போயிருந்துச்சு, எனக்குச் சரியாக் கேக்கல. திருப்பிச் சொல்லுங்கன்னு கேக்க வாயெடுத்தேன்." தாள்களை அடுக்கி ஓரம் தட்டினார். "அதுக்குள்ள ரெண்டாவது தடவையும் சொல்லிட்டீங்க."